"எல்லாரும் என்னையே பார்க்கிற மாதிரி இருக்கு": சமூகப் பதற்றம், அதீத பயம், நம் நினைப்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கல்லூரியில் மாணவர்களுக்கான மனநல ஆலோசகராக இருக்கிறேன். என் அறைக்கு வருபவர்களில் பலர் "மேடம், அடிக்கடி தலைவலி வருது", "படிப்புல கவனமே இல்ல" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பத்து நிமிடம் போன பிறகு உண்மை வெளியே வரும். நாலு பேர் முன்னால் பேச முடியவில்லை, மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை, போன் அடித்தால் எடுக்க முடியவில்லை. அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். மாணவர்களைப் பற்றிச் சொல்லும் இடங்களில் ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கூச்ச சுபாவம் என்கிறார்களே, அதுவும் சமூகப் பதற்றமும் ஒன்றா?

இல்லை. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்குப் புது ஆட்களோடு பழகக் கொஞ்சம் நேரம் எடுக்கும். பழகிவிட்டால் சரியாகிவிடும். அதனால் யாருடைய படிப்பும் வேலையும் நின்றுபோவதில்லை.

சமூகப் பதற்றம் உள்ளவர்களுக்கு, மற்றவர்கள் நம்மை எடைபோடக்கூடிய எந்த இடமும் அவமானப்படப் போகிற இடமாகத் தெரியும். அந்தப் பயத்துக்குத் தகுந்தபடி வாழ்க்கையையே சுருக்கிக்கொள்வார்கள். செமினார் எடுக்க வேண்டும் என்பதற்காகவே பிடித்த பாடத்தை விட்டுவிடுவார்கள். வைவா அன்று சரியாகக் காய்ச்சல் வரும். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிறவர்களை எனக்குத் தெரியும்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் இது தனிப் பெயரோடு இடம்பிடித்தது 1980-இல்தான். 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, பொதுவாக ஆறு மாதமோ அதற்கு மேலோ இந்தப் பயம் நீடித்து, அன்றாட வாழ்க்கையைப் பாதித்தால் அதை நோய் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்குவதால் நம் வீடுகளில் "வயசு அப்படி" என்று விட்டுவிடுகிறோம்.

இந்தப் பயம் சம்பவத்தால் வருகிறதா, நினைப்பால் வருகிறதா?

ஒரு மாணவனைப் பற்றிச் சொல்கிறேன். முதலாம் ஆண்டு, வருகைப் பதிவேட்டில் அவன் எண் 37. காலையில் ஆசிரியர் எண்களைக் கூப்பிடும்போது "பிரசன்ட் சார்" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 20-ஐக் கூப்பிடும்போதே அவனுக்கு உள்ளங்கை ஈரமாகிவிடும். 28, 29 வரும்போது தொண்டை வறளும். மனதுக்குள் அந்த இரண்டு சொல்லையும் சொல்லிச் சொல்லிப் பார்ப்பான். "குரல் கீச்சுன்னு வந்துட்டா? பின் பெஞ்சுல சிரிச்சா?" 36-ம் வந்துவிடும். 37. "பிர..." என்று பாதிக் காற்றுதான் வரும். ஆசிரியர் தலையைத் தூக்கி "தர்ட்டி செவன்?" என்று இன்னொரு தடவை கேட்பார். இப்போது நிஜமாகவே நாலைந்து பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதன்பிறகு அந்த வகுப்பு முழுக்க அவன் காதில் எதுவும் ஏறாது.

அவனுக்குப் பக்கத்தில் உட்காரும் எண் 36, செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே "பிரசன்ட் சார்" சொல்லிவிடுகிறான். அதே அறை, அதே ஆசிரியர், அதே இரண்டு சொல். வித்தியாசம் இரண்டு பேருக்குள்ளும் ஓடும் நினைப்பில் இருக்கிறது.

1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக், மனச்சோர்வு உள்ளவர்களிடம் பேசும்போது ஒன்றைக் கவனித்தார். அவர்கள் சொல்லும் பேச்சுக்கு அடியில் வேறொரு நினைப்பு அடுக்கடுக்காக ஓடிக்கொண்டே இருந்தது. அதற்குத் தானியங்கி எண்ணங்கள் என்று பெயர் வைத்தார். நாம் யோசித்து வரவழைக்காமல், கண் சிமிட்டுவதைப் போல வந்துபோகும் எண்ணங்கள் இவை. அவ்வளவு வேகமாக வருவதால் இது ஒரு நினைப்பு என்றே நமக்குத் தோன்றாது. கண்ணால் கண்டதைப் போல நம்பிவிடுவோம்.

37-இன் நினைப்பைப் பிரித்துப் பார்த்தால் அதில் மூன்று சரக்கு இருந்தது. குரல் நிச்சயம் கெட்டுவிடும் என்பது ஒன்று. கெட்டால் அது பெரிய அவமானம், மூன்று வருடத்துக்கும் மறக்க மாட்டார்கள் என்பது இன்னொன்று. மற்றவர்கள் மனதில் என்ன ஓடுகிறது என்று தனக்குத் தெரியும் என்பது மூன்றாவது. கேட்காமலே அவர்கள் சார்பில் இவனே தீர்ப்பு எழுதிவிடுகிறான். இந்த மூன்றுக்கும் அடியில் ஒரு சட்டம் கிடந்தது: "நான் பதறுவது தெரிஞ்சா என் மதிப்பு போச்சு." அதை வாய்விட்டுச் சொல்ல அவனுக்கு ஐந்து சந்திப்பு ஆனது.

அந்த நேரத்தில் மட்டும் மூளை ஏன் வெறுமையாகிவிடுகிறது?

கவனம் முழுக்க உள்ளே திரும்பிவிடுவதால். 1995-இல் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை விளக்கி ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். இன்று வரை சமூகப் பதற்றத்துக்கான சிகிச்சையில் அதற்குப் பெரிய இடம் உண்டு.

ஆபத்து என்று தோன்றிய நிமிடமே நம் கவனம் எதிரில் இருப்பவரை விட்டு நம் உடம்பின் மேல் விழுகிறது. நெஞ்சு எப்படி அடிக்கிறது, முகம் சுடுகிறதா, குரல் நடுங்குகிறதா என்று உள்ளேயே காவல் காக்கிறோம். பேச வேண்டிய விஷயத்துக்கு மிச்சம் இருக்கும் கவனம் ரொம்பக் கொஞ்சம். வார்த்தை தட்டுப்படாமல் போவது அதனால்தான்.

இன்னொன்றும் நடக்கிறது. உடம்பில் தெரியும் உணர்வை வைத்தே, வெளியிலிருந்து பார்த்தால் நாம் எப்படி இருப்போம் என்று ஒரு படம் வரைந்துகொள்கிறோம். நெஞ்சு இந்த அடி அடிக்கிறதென்றால் முகமும் அப்படித்தான் இருக்கும் என்ற கணக்கு. அந்தப் படத்தைத்தான் எதிரில் இருப்பவர்களும் பார்க்கிறார்கள் என்று நம்புகிறோம். இது தவறு என்று காட்டக்கூடிய ஒரே சாட்சி எதிரில் இருப்பவரின் முகம். அங்கேதான் நாம் பார்ப்பதே இல்லை. பார்த்தாலும் கொட்டாவியோ, கடிகாரத்தைப் பார்ப்பதோ மட்டும் கண்ணில் படும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

37-இடம், "நீ பேசும்போது உன் முகம் எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். "தக்காளி மாதிரி சிவந்து, உதடு கோணிக்கிட்டு" என்றான். அதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, அவன் போனிலேயே அவன் பேசுவதை இரண்டு நிமிடம் பதிவு செய்தோம். தெரியாத யாரோ ஒருவரைப் பார்ப்பதைப் போல அதைப் பார்க்கச் சொன்னேன். முதல் தடவை பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தடவை, "கொஞ்சம் வேகமா பேசறேன் மேடம். வேற ஒண்ணும் பெருசா தெரியல" என்றான். தாளைத் திருப்பி அவனிடமே கொடுத்தேன். அவனுக்கு மாநிறம், தக்காளிக்கு அங்கே வழியே இல்லை.

உண்மையிலேயே எல்லோரும் நம்மைக் கவனிக்கிறார்களா?

நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பேரி மேனிலோ என்ற பாடகரின் முகம் போட்ட டி-ஷர்ட்டை மாணவர்களுக்குப் போட்டுவிட்டார்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அதைப் போட்டுக்கொண்டு நடப்பதே மானக்கேடு. அப்படியே மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். "எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?" என்று கேட்டபோது, போட்டிருந்தவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர் என்றார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கிட்டத்தட்ட கால்வாசிப் பேர்தான்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நேற்று பஸ்ஸில் உங்கள் எதிர் சீட்டில் இருந்தவர் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார்?

இதே குழு 1998-இல் இன்னொன்றையும் காட்டியது. நம் மனதில் ஓடுவது வெளியே அப்பட்டமாகத் தெரிகிறது என்று நாம் நினைக்கும் அளவுக்கு அது மற்றவர்களுக்குத் தெரிவதில்லை. படபடப்பு உள்ளே இருப்பவருக்கு இடி முழக்கம். வெளியே இருப்பவருக்குப் பெரும்பாலும் கேட்பதே இல்லை.

விசேஷம் முடிந்து வீட்டுக்கு வந்தபிறகு ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இதுவும் இதில் சேருமா?

சேரும். பதற்றம் மூன்று வேளை சாப்பிடுகிறது என்று மாணவர்களிடம் சொல்வேன். போவதற்கு முன் ஒரு வாரம், அங்கே இருக்கும் ஒரு மணி நேரம், வந்தபிறகு ஒரு ராத்திரி. இந்த மூன்றாவது வேளையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

மாடு அசைபோட்டால் தீனி செரிக்கும். இந்த அசைபோடலில் எதுவும் செரிப்பதில்லை. "ஏன் அப்படிச் சொன்னேன்", "அந்த அண்ணன் ஏன் சட்டுனு எழுந்து போனார்" என்று ஒவ்வொரு சுற்றிலும் சம்பவம் கொஞ்சம் கெட்டுக்கொண்டே போகும். நல்லபடியாகப் பேசிய இருபது நிமிடம் உதிர்ந்துவிடும், திக்கிய இரண்டு விநாடி பெரிதாகி நிற்கும். விடியும்போது நம்மிடம் இருப்பது நடந்த சம்பவம் இல்லை, நாம் திருத்தி எழுதிய பிரதி. அடுத்த விசேஷத்துக்கு அழைப்பு வரும்போது மனம் எடுத்துப் பார்ப்பதும் அந்தப் பிரதியைத்தான்.

இப்போது வாட்ஸ்அப் வேறு. அனுப்பிய செய்தியில் நீலக் குறி விழுந்து, பதில் வராமல் இருந்தால் அங்கேயும் இதே விசாரணை ஓடுகிறது.

எனக்குத் தெரிந்து கைகொடுப்பது ஒன்று. ஒரு கேமரா அங்கே இருந்திருந்தால் என்ன பதிவாகியிருக்குமோ அதை மட்டும் ஐந்து வரி எழுதுங்கள். "அவர் எழுந்து போனார்" என்று எழுதலாம். "என் பேச்சு பிடிக்காமல் எழுந்து போனார்" என்று எழுதக் கூடாது, கேமராவுக்கு அது தெரியாது. எழுதியபின் நோட்டை மூடிவிட்டு வேறு வேலை பாருங்கள். மறுபடி மனம் அங்கே போனால், அதுதான் எழுதியாச்சே என்று விட்டுவிடுங்கள்.

போகாமல் இருந்தால் நிம்மதியாக இருக்கிறதே. எதற்குப் போய் அவஸ்தைப்பட வேண்டும்?

இந்தக் கேள்விக்கு மட்டும் என் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எனக்கு 22 வயதில் பெண் பார்க்க வந்தார்கள். காபித் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தேன். டம்ளரும் டபராவும் கிணுகிணுவென்று மோதுகிற சத்தம் முதலில் என் காதில்தான் விழுந்தது. கை நடுங்குகிறது என்று தெரிந்ததும் தட்டை இறுக்கிப் பிடித்தேன். இறுக்க இறுக்கச் சத்தம் கூடியது. யாரோ ஒரு அத்தை "பயப்படாதம்மா" என்றார். பிரியமாகத்தான் சொன்னார். எனக்கு அப்படியே தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அதன்பிறகு ஆறு வருடம் வெளியிடத்தில் முடிந்தவரை யார் கண் முன்னாலும் டம்ளரைக் கையில் எடுக்கவில்லை. "நான் காபி குடிக்கிறதில்ல" என்று சொல்லிவிடுவேன். தவிர்க்கவே முடியாத இடத்தில் பாதி டம்ளர் மட்டும் கேட்பேன், இரண்டு கையாலும் பிடிப்பேன், எல்லோரும் வேறு பக்கம் பார்க்கும்போது குடிப்பேன். ஒவ்வொரு தடவை தப்பிக்கும்போதும் பெரிய நிம்மதி. அந்த நிம்மதிதான் என்னைக் கட்டிப்போட்டது. தவிர்த்தால் பயம் உடனே குறைகிறது, குறைவதால் மறுபடி தவிர்க்கிறோம், பயம் அப்படியே உயிரோடு இருக்கிறது. ஓ. ஹோபார்ட் மௌரர் என்ற உளவியலாளர் 1947-லேயே இதை எழுதிவிட்டார்.

முழுசாகத் தவிர்ப்பதைவிடக் கண்டுபிடிக்கக் கடினமானவை அந்தச் சின்னத் தந்திரங்கள். பாதி டம்ளர், இரண்டு கை. கிளார்க்கும் வெல்ஸும் இவற்றைப் பாதுகாப்பு நடத்தைகள் என்றார்கள். பேசுவதை முன்கூட்டியே வரிவரியாக ஒத்திகை பார்ப்பது, கூட்டத்தில் போனை நோண்டுவது, வியர்வை தெரியாமலிருக்க வெயிலிலும் ஜாக்கெட் போடுவது, கூடவே ஒரு தோழியை இழுத்துக்கொண்டு போவது எல்லாம் இதில் அடக்கம். இவை தாயத்து மாதிரி. கட்டிக்கொண்டு போனோம், பேய் வரவில்லை, ஆகவே தாயத்துதான் காப்பாற்றியது என்று நம்புகிறோம். அவிழ்த்துவிட்டுப் போய்ப் பார்த்தால்தான் பேய் உண்டா இல்லையா என்று தெரியும். இதில் கொடுமை என்னவென்றால் சில தாயத்துகளே பேயைக் கூட்டிவருகின்றன. இறுக்கிப் பிடித்த கைதான் அதிகம் நடுங்கும். தளர்த்திப் பிடித்தால் நடுக்கம் பாதியாகிவிடும் என்று எனக்கு 28 வயதில்தான் தெரிந்தது.

"நாலு பேர் என்ன நினைப்பாங்க" என்று சொல்லி வளர்த்ததுதான் காரணமா?

அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். சில குழந்தைகள் பிறப்பிலேயே புது முகத்தைக் கண்டால் ஒடுங்கும் இயல்போடு வருகின்றன. பரம்பரைக்கும் பங்கு உண்டு. அப்படிப்பட்ட குழந்தைகளிலும் பலருக்கு இந்த நோய் வருவதில்லை.

ஆனால் அந்த இயல்போடு பிறந்த குழந்தைக்கு எந்த நினைப்பைக் கொடுத்து வளர்க்கிறோம் என்பது பெரிய விஷயம். சோறு சிந்தினால், சத்தமாகச் சிரித்தால், மதிப்பெண் குறைந்தால் எல்லாவற்றுக்கும் அந்த நாலு பேரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறோம். அந்த நாலு பேர் யார் என்று குழந்தைக்குத் தெரியாது. எங்கே போனாலும் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், எப்போதும் குற்றம் பார்க்கிறார்கள் என்பது மட்டும் பதிந்துவிடும். பள்ளியில் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்த ஒரு நாள், தப்பாக வாசித்ததற்கு வகுப்பே சிரித்த ஒரு நாள் அதன்மேல் விழுந்தால் நினைப்பு கெட்டியாகிவிடும். பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் இதைச் சொல்லவில்லை. அவர்களையும் அந்த நாலு பேரைக் காட்டித்தான் வளர்த்திருப்பார்கள்.

என்னை நிஜமாகவே கேலி செய்கிறார்கள். அதுவும் என் நினைப்புக் கோளாறா?

இல்லவே இல்லை. தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவனின் ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரிப்பது, நிறத்தை வைத்துப் பட்டப்பெயர் வைப்பது, சாதியைத் தெரிந்துகொண்டு தட்டை நகர்த்துவது எல்லாம் நம் வகுப்பறைகளில் நடக்கின்றன. இதை அனுபவிப்பவரிடம் போய் "உன் எண்ணத்தை மாற்று" என்று சொல்வது அநியாயம். அங்கே மாற வேண்டியது வகுப்பறை. துறைத்தலைவரிடமோ ராகிங் தடுப்புக் குழுவிடமோ எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டிய விஷயம் அது. என்னிடம் வருபவர்களோடு சேர்ந்து நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நினைப்பைப் பற்றிப் பேச வேண்டிய இடம் அதற்குப் பிறகு வருகிறது. கேலி செய்தவர்கள் நாலு பேர். ஆனால் மனம் நாற்பது பேரையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடும். "அவங்க சொன்னது சரிதானோ" என்று நாமே நம்ப ஆரம்பித்துவிடுவோம். அந்த இரண்டையும் மட்டும் சேர்ந்து பிரித்துப் பார்க்கலாம்.

பல்லி, நாய், லிஃப்ட் மேல் வரும் பயத்துக்கும் நினைப்புக்கும் என்ன சம்பந்தம்?

இங்கே நினைப்பின் பங்கு கொஞ்சம் வேறு மாதிரி. சில பயங்களுக்கு உடம்பே பாதி தயாராக இருக்கிறது. 1980-களில் அமெரிக்காவில் சூசன் மினேக்காவும் சகாக்களும் குரங்குகளை வைத்துச் சில சோதனைகள் செய்தார்கள். ஆய்வகத்தில் வளர்ந்த குரங்குகளுக்குப் பாம்பென்றால் பயமில்லை. வேறு குரங்குகள் பாம்பைக் கண்டு அலறுவதை வீடியோவில் பார்த்ததும் இவையும் பயப்படக் கற்றுக்கொண்டன. அதே அலறலைப் பூவைப் பார்த்து அலறுவதைப் போல ஒட்டிக் காட்டியபோது, பூவுக்குப் பயப்பட அவை கற்றுக்கொள்ளவில்லை. கடிபடாமலே, பார்த்துப் பார்த்தே பயம் தொற்றும், ஆனால் எல்லாப் பொருள் மேலும் ஒரே மாதிரி தொற்றாது என்பது இதிலிருந்து தெரிகிறது.

அதன்மேல் மனிதர்கள் கதை கட்டுகிறோம். பல்லி யாரையும் துரத்திக் கடிப்பதில்லை. அம்மா ஒரு தடவை அலறியதைப் பார்த்த குழந்தைக்குப் பயம் தொற்றும். பிறகு பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் என்று ஒரு பக்கமே இருக்கிறது: தலையில் விழுந்தால் இன்னது, தோளில் விழுந்தால் இன்னது. அப்புறம் சுவரில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் பல்லி, என் மேல் விழக் காத்திருக்கும் பல்லியாகிவிடுகிறது. லிஃப்டுக்குப் பயப்படுபவரைக் கேளுங்கள், "கதவு திறக்காது, காற்று தீர்ந்து மூச்சு முட்டிச் செத்துடுவேன்" என்பார். உயரத்துக்குப் பயப்படுபவர்களில் சிலர் "என்னை அறியாம நானே குதிச்சிடுவேனோ" என்பார்கள். ஒவ்வொரு பயத்துக்குள்ளும் இப்படிக் குறிப்பாக ஒரு வாக்கியம் இருக்கும். அந்த வாக்கியத்தைக் கண்டுபிடிக்காமல் பயத்தோடு மல்லுக்கட்டுவது வீண்.

நாய் விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. தெருநாய்களிடம் கவனமாக இருப்பது நோய் இல்லை, வெறிநாய்க்கடி உயிரை எடுக்கும். கயிறு கட்டிய நாய்க்குட்டி நாலாவது வீட்டில் இருக்கிறது என்பதற்காக அந்தத் தெருவுக்கே போகாமல் இருந்தால்தான் சிகிச்சையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிறேன்.

இது தனி ரகம். மற்ற பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும். ரத்தம், ஊசி, காயம் பற்றிய பயத்தில் முதலில் ஏறிச் சட்டென்று இறங்கிவிடும், அதனால்தான் மயக்கம். ஆகவே "உடம்பைத் தளர்த்து, மூச்சை இழுத்து விடு" என்ற வழக்கமான அறிவுரை இங்கே உதவாது. சுவீடனைச் சேர்ந்த லார்ஸ்-யோரன் ஓஸ்ட் உருவாக்கிய முறை நேர்மாறானது. ஊசி போடாத கையையும் தொடையையும் வயிற்றையும் பத்துப் பதினைந்து விநாடி இறுக்கிப் பிடித்து, பிறகு விட்டு, மறுபடி இறுக்குவது. வீட்டில் நாலைந்து நாள் பழகிவிட்டுப் போங்கள். செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், படுக்க வைத்தே போடுவார்கள்.

நல்லதையே நினைத்தால் சரியாகிவிடாதா?

ஆகாது. "வெள்ளைக் கரடியை நினைக்காதே" என்று சொன்னால் அதுதான் திரும்பத் திரும்ப வருகிறது என்று டேனியல் வெக்னர் 1987-இல் சோதித்துக் காட்டினார். பயந்த நினைப்பை அமுக்கினாலும் அதேதான் நடக்கும். "நான் தைரியசாலி, எல்லாரும் என்னை விரும்புகிறார்கள்" என்று நூறு தடவை சொன்னாலும் உங்கள் மனமே அதை நம்பாது. வேண்டியது இனிப்பான நினைப்பு இல்லை, சரியான நினைப்பு. சரியா இல்லையா என்று தெரிய ஒரே வழி, போய்ச் சோதிப்பது.

சரி, எப்படிச் சோதிப்பது?

முதலில் பயத்தை ஒரு கணிப்பாக எழுத வேண்டும். "கேவலமாகிவிடும்" என்று எழுதினால் சோதிக்க முடியாது. 37 எழுதியது இது: "நான் வேண்டுமென்றே இரண்டு விநாடி தாமதித்து 'பிரசன்ட் சார்' சொன்னால் குறைந்தது பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள், இடைவேளையில் யாராவது கிண்டல் செய்வார்கள்." எத்தனை சதவீதம் நம்புகிறாய் என்றேன். 90 என்றான்.

மறுநாள் ஒத்திகை பார்க்காமல், குனியாமல், வகுப்பைப் பார்த்தபடியே அதைச் செய்ய வேண்டும் என்று பேசிக்கொண்டோம். தாயத்தைக் கழற்றுவது இந்த இடத்தில்தான். முதல் நாள் முடியவில்லை, லீவு போட்டுவிட்டான். மூன்றாம் நாள் செய்தான். திரும்பிப் பார்த்தது இரண்டு பேர். அதில் ஒருத்தி ஜன்னலைத்தான் பார்த்தாள் என்று பிறகு சந்தேகமாகச் சொன்னான். கிண்டல் யாரும் செய்யவில்லை. 90 அன்றைக்கு 60 ஆனது. ஒரே நாளில் பூஜ்யம் ஆகாது, ஆக வேண்டியதும் இல்லை.

அதன்பிறகு படிகள். கடையில் வாங்கிய சட்டையை அளவு மாற்றித் தரச் சொல்வது. கேன்டீனில் நடு மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவது. வகுப்பில் பதில் தெரிந்த கேள்வி ஒன்றை, அப்புறம் பதில் தெரியாத கேள்வி ஒன்றைக் கேட்பது. நான் டம்ளரில் செய்தது இன்னும் ஒரு படி மேலே: ஒரு ஹோட்டலில் வேண்டுமென்றே கையை ஆட்டிக் காபியைக் கொஞ்சம் சிந்தினேன். சர்வர் துணியால் துடைத்துவிட்டு, "வேற எதாவது வேணுமாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆறு வருடமாக நான் கற்பனை செய்த பூகம்பம் அவ்வளவுதான்.

பல்லி, நாய் பயத்துக்கும் இதே படிக்கட்டு முறைதான். படம், வீடியோ, தூரத்தில் நிற்பது, பக்கத்தில் நிற்பது. ஒவ்வொரு படியிலும் பயம் தானாக இறங்கும் வரை அங்கேயே இருக்க வேண்டும். உச்சத்தில் ஓடிவந்தால் பயம்தான் ஜெயிக்கும்.

மாத்திரை அவசியமா?

எல்லோருக்கும் இல்லை. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் 2013-இல் சமூகப் பதற்றத்துக்கு முதலில் பரிந்துரைத்தது, நினைப்பையும் நடத்தையையும் சேர்த்து மாற்றும் தனிநபர்ச் சிகிச்சையைத்தான். சி.பி.டி. என்று சொல்வார்கள். அது கிடைக்காதபோதும், போதாதபோதும், கூடவே மனச்சோர்வு இருக்கும்போதும், பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகள் பலருக்கு உதவுகின்றன. மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்தால் தயங்காமல் சாப்பிடுங்கள், அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். நண்பன் தரும் தூக்க மாத்திரை வேண்டாம். "ஒரு பீர் போட்டா நல்லா பேசுவேன்" என்பதும் தாயத்துதான், அது ஆளையே விழுங்கிவிடும்.

என் பிள்ளை விருந்தாளி வந்தால் அறைக்குள் ஒளிந்துகொள்கிறான். நான் என்ன செய்ய?

இழுத்து வந்து நடுக்கூடத்தில் நிறுத்தி "மாமாவுக்குப் பாட்டுப் பாடிக் காட்டு" என்று சொல்லாதீர்கள். அவன் காதுபட "இவன் கூச்ச சுபாவம்" என்று அறிமுகம் செய்யாதீர்கள். அதே சமயம், அவனிடம் கேட்ட கேள்விக்கு எல்லாம் நீங்களே பதில் சொல்லிக் காப்பாற்றவும் வேண்டாம். வந்தவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது போன்ற சின்ன வேலை ஒன்றைக் கொடுங்கள். கொடுத்துவிட்டு உள்ளே போய்விடலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உதவிக்கு எங்கே போவது? போனில் பேசவே பயம் என்பவர்கள் என்ன செய்வது?

இந்திய அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் புறநோயாளிச் சீட்டு வாங்கி நேரே போகலாம், போன் செய்ய வேண்டியதில்லை. சென்னையில் இருப்பவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. சாகலாம் போல இருக்கிறது என்ற நினைப்பு வந்தால் நாளை வரை காத்திருக்காமல் இன்றைக்கே பேசுங்கள்.

போன்தான் பயம் என்றால், முதல் வாக்கியத்தைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். தாயத்தைக் கழற்றச் சொன்ன நானே இதைச் சொல்கிறேன். உதவி கேட்கும் முதல் தடவைக்கு இது பரவாயில்லை. திக்கினாலும், நடுவில் வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டாலும் எதிரில் இருப்பவர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார், அவருடைய வேலையே அதுதான். என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால் இதை அப்படியே வாசித்துவிடுங்கள்: "வணக்கம். எனக்கு ஆட்களோடு பேசுவதற்குப் பயமாக இருக்கிறது. இப்போது உங்களோடு பேசுவதற்கும்தான். கொஞ்சம் மெதுவாகப் பேசலாமா?"